பாட்டுக்காரனுக்குப் பெண் கொடுப்பீர்களா?

ஜித்ராவில் எந்த வீட்டு வாசலில் வேண்டுமானாலும் நின்று கேட்டுப் பாருங்கள். மாப்பிள்ளை பாட்டுக்காரர், பெண் கொடுப்பீர்களா? கோயில் திருவிழாவில் முதல் வரிசையில் உட்கார்ந்து விடிய விடியப் பாட்டுக் கேட்ட அம்மாதான் முதலில் வாய் திறப்பார். "அது சரி, வேலை என்ன பார்க்கிறார்?" பாட்டு அவர் கணக்கில் வேலை இல்லை. வேலை முடிந்து வந்தபின் செய்கிற ஏதோ ஒன்று. இந்தக் கேள்வியை என் வயதுக்குப் பல பெண் பார்க்கும் வீடுகளில் கேட்டிருக்கிறேன். கேட்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. பயந்தவர்கள்.

இந்தப் பயத்தையே கதையாக எடுத்து 1962இல் ஒரு மலாய்ப் படம் வந்தது. பெயர் 'இபு மெர்துவாகு', என் மாமியார் என்று அர்த்தம். வானொலியில் ஒருவனுடைய பாட்டைக் கேட்டு ஒரு பணக்கார வீட்டுப் பெண் மனதைப் பறிகொடுக்கிறாள். அவள் தாய்க்கு டாக்டர் மாப்பிள்ளை வேண்டும். பாட்டுக்காரன் என்றாலே அந்த அம்மாளுக்கு வேப்பங்காய். பிடிவாதமாகக் கல்யாணம் செய்துகொண்ட மகளை வெறுங்கையோடு அனுப்பிவிடுகிறாள். இருவரும் பினாங்குக்கு வந்து, வாத்தியத்தை விட்ட அவன் கட்டடக் கூலி வேலைக்குப் போகிறான். பிரசவத்துக்குத் தாய்வீடு போன மனைவி இறந்துவிட்டாள் என்று மாமியார் பொய்த்தந்தி அடிக்க, அழுது அழுது அவனுக்குக் கண் போகிறது. பினாங்கில் ஒரு தாயும் மகளும் அவனை எடுத்துப் பராமரிக்கிறார்கள். மறுபடி சாக்ஸபோனைக் கையில் எடுத்து ஊர் ஊராகப் போய் வாசிக்கிறான். கண் திரும்பக் கிடைத்த பிறகுதான் உண்மை தெரிகிறது: கண்ணைக் கொடுத்த டாக்டரே இப்போது தன் மனைவிக்குக் கணவர். சாப்பாட்டு மேசை முட்கரண்டிகளை எடுத்துத் தன் கண்ணைத் தானே குத்திக்கொள்கிறான். இத்தனை வருடம் கழித்தும் அந்தக் காட்சி வரும்போது எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

அந்தப் படத்தை இயக்கியவர், கதாநாயகனாக நடித்தவர், இசையமைத்தவர், பாடியவர் எல்லாம் ஒரே ஆள். பி. ரம்லி. 'எங்கள் ரம்லி' என்று மலாய்க்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வட மலேசியாக்காரர்களான நாமும் அப்படிச் சொல்லலாம். நாம் சைக்கிளில் வளர்ந்த அதே மண்ணுக்குக் கொஞ்சம் தெற்கே, பினாங்கில், 1929 மார்ச் 22இல் பிறந்தவர். இயற்பெயர் தெயுக்கு ஜக்கரியா. அப்பா அச்சேயிலிருந்து வந்த மாலுமி, அம்மா பட்டர்வொர்த் பக்கத்து கூபாங் புவாயாக்காரர். பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் படித்துக்கொண்டிருக்கும்போது யுத்தம் வந்தது. 1941 டிசம்பரில் இந்த ஜித்ரா அரணை ஜப்பானியர் உடைத்த அடுத்த வாரத்திலேயே பினாங்கும் விழுந்தது. பையன் ஜப்பானியக் கடற்படைப் பள்ளியில் படிக்க வேண்டிவந்தது. உகுலெலே, கிட்டார், வயலின் என்று கிடைத்ததையெல்லாம் தட்டிப் பார்த்து, மீட்டிப் பார்த்து வளர்ந்தான்.

யுத்தம் முடிந்து பினாங்கு வானொலி பாட்டுப்போட்டி வைத்தது. 1945இல் ரம்லிக்கு மூன்றாம் இடம். 1946இல் இரண்டாம் இடம். 1947இல் முதலிடம், வட மலாயாவின் நட்சத்திரப் பாடகர் என்ற பெயரோடு. இதை வாசிக்கும் பிள்ளைகள் அந்த 1945ஆம் ஆண்டை மனதில் வையுங்கள். பிற்பாடு இந்த நாடே தூக்கி வைத்துக் கொண்டாடிய குரலுக்கு மேலே அன்றைக்கு இரண்டு பேர் இருந்தார்கள். நடுவர்கள் தப்புக் கணக்குப் போட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. பதினாறு வயதுக் குரல் அப்போது மூன்றாம் இடத்துக்குத்தான் பழுத்திருந்தது. இன்றைக்குப் பிள்ளை ஒரு போட்டியில் தோற்றால் நடுவரைத் திட்டி முகநூலில் எழுதுகிற பெற்றோரைப் பார்க்கிறேன். அடுத்த வருடமும் போய் நில் என்று சொல்வதற்குத்தான் ஆள் குறைவு.

1948 ஜூனில் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு மேடையில் அவர் பாடியதைப் பி. எஸ். ராஜ்ஹான்ஸ் என்ற இந்திய இயக்குநர் கேட்டார். சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்கள் நடத்திய மலாய்ப் பட ஸ்டூடியோவுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தவர் அவர். ஆகஸ்டில் ரம்லி சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார். முதல் படம் 'சிந்தா'. அதில் அவருக்குக் கிடைத்தது வில்லன் வேடம். பாட்டெல்லாம் கதாநாயகன் ரூமாய் நூருக்கு. ஆனால் அந்தப் பாட்டுக்குக் குரல் கொடுத்தது ரம்லி. படத்தில் கதாநாயகன் வாயசைத்துப் பாடுகிறான், பெண் மயங்குகிறாள். மயக்கிய குரலுக்குச் சொந்தக்காரன் அதே படத்தில் வில்லனாக நின்று வசை வாங்குகிறான். நம் ஆட்களில் எத்தனை பேர் இதற்குச் சம்மதித்திருப்பார்கள்? "பாட வந்தவனை அடியாளாக்கிட்டானுங்க" என்று அடுத்த ரயிலில் பினாங்குக்குத் திரும்பியிருப்பார்கள். அவர் திரும்பவில்லை. கொடுத்த வேடத்தைச் செய்தார், கேட்ட பாட்டைப் பாடினார், மிச்ச நேரத்தில் கேமராவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த ஸ்டூடியோவைப் பற்றி நம் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டிய ஒன்று உண்டு. முதலாளிகள் சீனர்கள். நடிகர்கள் மலாய்க்காரர்கள். இயக்குநர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். பி. என். ராவ், எஸ். ராமநாதன், பானி மஜும்தார் என்று அந்தக் காலத்துப் படங்களின் தலைப்பு அட்டையை ஊன்றிப் பாருங்கள், பெயர்கள் வரிசையாக வரும். அவர்களில் ஒருவர் எல். கிருஷ்ணன். மதராசில் பிறந்து பினாங்கில் வளர்ந்த தமிழர், பின்னாளில் டான் ஸ்ரீ ஆனவர். வில்லனாகவும் துணைப் பாத்திரமாகவும் சுற்றிக்கொண்டிருந்த ரம்லியை 1950இல் 'பக்தி' படத்தில் கதாநாயகனாக நிறுத்தியது இந்தக் கிருஷ்ணன்தான். ரம்லிக்குக் கதாநாயக முகம் இல்லை என்று ஸ்டூடியோவில் முணுமுணுத்ததாகச் சொல்வார்கள். முணுமுணுத்தவர்கள் பெயர் இன்று யாருக்கும் ஞாபகமில்லை. அந்தப் படத்தில்தான் ரம்லி முதன்முதலாகத் தன் முகத்துக்குத் தானே பாடினார்.

இங்கே கொஞ்சம் நம் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும். தமிழ் சினிமா பாடுகிறவனைத்தான் முதலில் நடிகனாக்கியது. எம். கே. தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944இல் வந்து மதராஸ் பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்தது. பிறகு ஒலிப்பதிவு நுட்பம் வளர்ந்தது. பாட ஒருவர், வாயசைக்க ஒருவர் என்று வேலை பிரிந்தது. ரம்லி போனது எதிர்த்திசையில். பின்னணிக் குரலாகத் தொடங்கி, குரலோடு முகத்தையும் சேர்த்தார். 1955இல் 'பெனாரிக் பெச்சா' படத்தில் இயக்கத்தையும் சேர்த்துக்கொண்டார். சைக்கிள் ரிக்ஷா ஓட்டுபவன் கதை. பினாங்கில் இருந்தபோதே மெட்டுப் போட்ட 'அசிசா' பாட்டை அந்தப் படத்தில் வைத்தார். கையில் இருந்த சரக்கை அவசரப்பட்டு விற்காமல் ஏற்ற இடம் வரும்வரை வைத்திருந்தார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அது என் ஊகம்தான்.

அதன் பிறகு மளமளவென்று வந்தது. வண்ணத்தில் எடுத்த 'ஹாங் துவா'வின் இசைக்கு 1956இல் ஹாங்காங் ஆசியத் திரைப்பட விழாவில் பரிசு. 1957இல் 'அனாக்கு சசாலி' படத்துக்காகத் தோக்கியோவில் சிறந்த நடிகர் பரிசு. இரண்டையும் இயக்கியவர் பானி மஜும்தார். 'அனாக்கு சசாலி'யில் அப்பாவும் மகனும் ரம்லியே. அப்பா பெயர் பெற்ற இசைக்கலைஞர். தாயில்லாப் பிள்ளை என்று செல்லம் கொடுத்து வளர்த்த மகன் திருடனாகிறான். கடைசியில் அப்பாவே போலீசுக்குத் தகவல் சொல்கிறார். பதினேழு வருடம் கழித்து 'தங்கப்பதக்கம்' பார்த்தபோது, இந்த அப்பாவை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று எங்களுக்கெல்லாம் தோன்றியது.

அந்தப் படங்களை நாங்கள் தோட்டத்துத் திடலில் பார்த்தோம். இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். வேன் வந்து நின்று ஜெனரேட்டர் உறுமத் தொடங்கும்போதே லயத்திலிருந்து பாயும் பலகையும் கிளம்பிவிடும். பிந்தி வந்தவர்களுக்குத் துணிக்குப் பின்பக்கம்தான் இடம். அங்கே எல்லாம் இடவலம் மாறித் தெரியும். எழுத்து வலமிருந்து இடமாக ஓடும், ஆனால் பாட்டு நேராகத்தான் கேட்கும். தமிழ்ப்படம் என்றால் கூட்டம் அதிகம். ரம்லி படம் என்றால் கம்பத்து மலாய்க்காரர்களும் வந்து கலந்து உட்காருவார்கள். 'புஜாங் லாப்போக்' படங்களில் அவரும் அசீஸ் சத்தாரும் எஸ். சம்சுதீனும் அடிக்கிற கூத்துக்கு மலாய் தெரியாத கிழவிகளும் சிரிப்பார்கள். 1961இல் வந்த 'செனிமான் புஜாங் லாப்போக்' ஒன்றைச் சொன்னால் போதும். வேலையில்லாத மூன்று பேர் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவுக்கே போய் நடிகராக நிற்கிறார்கள். வசனத்தை மனப்பாடம் பண்ண வீட்டுக்கு வந்தால் அக்கம்பக்கத்துச் சத்தம் ஒருவரியைக் கூட ஓட்டவிடாது. லயத்து வீட்டில் பரீட்சைக்குப் படித்தவனுக்கு அதை விளக்க வேண்டாம்.

சிரிப்புக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலை இருந்தது. ஜாலான் அம்பாஸில் எல்லாரும் ஒப்பந்தத்தில் மாதச் சம்பளக்காரர்கள். நடிகன், வாத்தியக்காரன், தச்சன், விளக்குப் பிடிப்பவன் எல்லாருக்கும் நேரம் உண்டு, மேலாளர் உண்டு. படம் எத்தனை தடவை ஓடினாலும் உரிமை கம்பெனிக்கு. 1957இல் அங்கே வேலைநிறுத்தமே நடந்தது. தோட்டத்தில் சங்கம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகப் படாது. பெரட்டுக் களத்தில் நிற்கிறவனும் செட்டில் நிற்கிறவனும் கூலிக்காக வாய் திறக்க வேண்டிய நாள் வருகிறது. பெண் பார்க்கும் வீட்டில் "வேலை என்ன" என்று கேட்கிற அம்மாவிடம் நான் சொல்ல வேண்டியதும் இதுதான். அம்மா, அது வேலைதான். காலையில் போய் இரவில் திரும்புகிற வேலை. மூன்றாம் இடத்தில் ஆரம்பித்துப் பத்து வருடம் பழகினால்தான் வருகிற வேலை.

ரம்லி 1964இல் சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூர் வந்தார். உலு கிளாங்கில் மெர்டேக்கா ஸ்டூடியோ. இங்கேதான் கதை திரும்புகிறது. அவர் திறமை மங்கிவிட்டது என்று பலர் எழுதினார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஜாலான் அம்பாஸில் அவருக்குப் பின்னால் பல வருடம் சேர்ந்து பழகிய கூட்டம் இருந்தது. அவர் பாதி சொன்னால் மீதியை அவர்கள் முடிப்பார்கள். மெர்டேக்காவில் வசதி குறைவு. வண்ணத்தில் ஹாங்காங் படமும் இந்திப் படமும் தமிழ்ப் படமும் வந்து இறங்கிக்கொண்டிருக்க, அவர் கறுப்பு வெள்ளையில் எடுத்துக்கொண்டிருந்தார். 1963 கடைசியில் தொலைக்காட்சி வந்தது. இந்தோனேசியாவோடு மோதல் வந்து அந்தப் பெரிய சந்தை அடைபட்டது. 1965இல் சிங்கப்பூர் பிரிந்தது. இசையிலும் காற்று மாறியது. பீட்டில்ஸ் அலையில் எலெக்ட்ரிக் கிட்டாரோடு வந்த 'பாப் யே யே' பையன்களுக்குப் பின்னால் இளைஞர்கள் போனார்கள். நாங்களும்தான் போனோம். மெர்டேக்காவில் அவர் இயக்கிய படங்கள் 18. 1972இல் வந்த 'லக்சமானா டோ ரே மி' கடைசி.

ஜாலான் அம்பாஸ் 1967இலேயே மூடப்பட்டுவிட்டது. திரும்பிப் போக இடமில்லை. கடைசி வருடங்களில் பணமுடை. புதிய வேலை தேடி அலைந்தார். 1973 மே 29 விடியற்காலையில் மாரடைப்பு. வயது 44. மொத்தம் 66 படங்களில் நடித்திருந்தார், 34 படங்களை இயக்கியிருந்தார். ஜாலான் அம்பாங் முஸ்லிம் மயானத்தில் அடக்கம். மனைவி சலோமாவும் பெரிய பாடகி, அவர் 1983இல் காலமானார்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். கோலாலம்பூரில் பாரி சாலைக்கு ஜாலான் பி. ரம்லி என்று பெயர் மாற்றினார்கள். செத்தாபாக்கில் அவர் குடியிருந்த வீடு 1986இல் நினைவகமானது. 1990இல் டான் ஸ்ரீ பட்டம். பினாங்கில் பிறந்த வீட்டைப் புதுப்பித்துப் பார்வையாளர்களுக்குத் திறந்தார்கள். பெருநாள் வந்தால் தொலைக்காட்சியில் அவர் படம் இல்லாமல் இருக்காது. உயிரோடு இருந்தபோது அரசு கௌரவம் கிடைக்காமலில்லை, 1962இலேயே ஏ.எம்.என். விருது கொடுத்தார்கள். ஆனால் 1970க்கும் 1973க்கும் நடுவில் அவருக்கு வேண்டியிருந்தது பட்டம் இல்லை. ஒரு படம் எடுக்கப் பணம், ஒரு ஸ்டூடியோ, வாசிக்கப் பத்துப் பேர். அதைக் கொடுக்க அன்றைக்கு ஆளில்லை. பசித்தவனுக்கு அன்று ஒரு பிடி சோறு போடாமல், பதினாறாம் நாள் தலைவாழை இலை போட்டு வடை பாயசம் படைக்கிற கதை இது.

இது மலாய்க்காரர்கள் மட்டும் செய்த குற்றம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் ஜே. பி. சந்திரபாபுவைப் பாருங்கள். அவரும் தன் பாட்டைத் தானே பாடிய நடிகர். ரம்லியைவிட இரண்டு வயது மூத்தவர். 1974 மார்ச்சில், ரம்லி போய் ஒரு வருடம் ஆவதற்குள், நாற்பத்தாறு வயதில் கையில் காசில்லாமல் போய்ச் சேர்ந்தார். பாகவதர் 1959இல் போனபோது வயது ஐம்பதைத் தொடவில்லை. அவர் கதையில் சிறைவாசமும் உண்டு, அது வேறு. மலேசியாவிலிருந்து மதராஸ் போன மலேசியா வாசுதேவன் ஒருவர்தான் இந்த வரிசையில் கொஞ்சம் ஆறுதல். 1977இல் 'பதினாறு வயதினிலே' கைதூக்கிவிட்டது. பாட்டு ஒரு பக்கம், எண்பதுகளில் வில்லன் வேடம் ஒரு பக்கம் என்று இரண்டு மாட்டையும் ஓட்டினார். 2011வரை இருந்தார். கதாநாயகனுக்குப் பாடிவிட்டு அதே கதாநாயகனிடம் அடிவாங்குகிற வேடமும் செய்தவர் அவர். அதைப் பார்க்கும்போதெல்லாம் ரம்லியின் முதல் படம் எனக்கு ஞாபகம் வரும்.

பாட்டு, நடிப்பு என்று அலைகிற பிள்ளைகள் இன்றைக்கு நம் ஜித்ராவிலும் இருக்கிறார்கள். கைப்பேசியில் பாட்டு பதிவு செய்கிறார்கள், தொலைக்காட்சி நாடகத்தில் தலைகாட்டுகிறார்கள். தாமான் வீட்டு அறைக்குள்ளேயே கீபோர்டும் மைக்கும் வைத்து இசையமைக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்ல இரண்டு உண்டு. உங்கள் குரலை யாராவது இன்னொருவன் வாய்க்குக் கேட்டால் கொடுங்கள், கௌரவம் பார்க்காதீர்கள், ஆனால் கூடவே அந்தத் தொழிலின் மற்ற வேலையையும் கண்ணால் திருடுங்கள். இரண்டாவது, என்ன கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று படித்துவிட்டுப் போடுங்கள். பாட்டு யாருக்குச் சொந்தம், மறுபடி ஒலித்தால் யாருக்குக் காசு என்று அந்தத் தாளில் இருக்கும். ரம்லி காலத்தில் கேட்க வழி தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

பெற்றவர்களுக்குச் சொல்ல ஒன்றே ஒன்று. பிள்ளை பாடப் போகிறேன் என்றால் 'இபு மெர்துவாகு' மாமியார் மாதிரி வாத்தியத்தைக் கீழே வைக்கச் சொல்லாதீர்கள். வேறொரு தொழிலும் கற்றுக்கொள் என்று சொல்லுங்கள், தப்பில்லை. ரம்லி எடுத்த 'மாசாம் மாசாம் மானிஸ்' படத்திலேயே நாயகன் பகலில் பள்ளி ஆசிரியர், இரவில் கிளப்பில் வாத்தியக்காரர். சிரிக்க வைக்கத்தான் எடுத்தார். எனக்கு அதில் ஒரு நல்ல யோசனையும் தெரிகிறது.

மற்றவர்களுக்கு, அதாவது பாடவும் தெரியாமல் பெறவும் இல்லாமல் கேட்க மட்டும் உட்காருகிற என்னைப் போன்றவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கல்யாணத்துக்கு இசைக்குழு பேசுகிறோம், திருவிழாவுக்கு உறுமி மேளம் பேசுகிறோம். சாமியானாக்காரருக்கும் சமையல்காரருக்கும் அன்றைக்கே எண்ணிக் கொடுத்துவிட்டு, மேளக்காரப் பையனிடம் மட்டும் "அடுத்த வாரம் வா தம்பி, பார்த்துக்கலாம்" என்கிறோம். அவன் வேனுக்கு எண்ணெய் போட்டு, கூட வந்த எட்டுப் பேருக்கும் பதில் சொல்ல வேண்டியவன். வருகிற பங்குனி உத்திரத்துக்கு மேளம் பேசப் போகிறவர்கள் தயவுசெய்து பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுங்கள், மீதியை மேளம் இறங்கிய இடத்திலேயே கையில் கொடுத்து அனுப்புங்கள்.